திருத்தச் சீட்டு

மல்காஜ்கிரியிலிருந்து அம்மையார் ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கின்றார். அவருடைய ஒரே மைந்தன் மாதாப்பூரில் ஒரு கணினி நிறுவனத்தில் பணியாற்றுகின்றான். பகலெல்லாம் அலுவலகம். இரவு வீடு திரும்பி உணவருந்தியதும் மறுபடியும் கணினியின் முன் அமர்ந்து விடுகின்றான். என்ன வேலை என்று கேட்டால், "லினக்ஸில் நெட்வொர்க் அமைக்கும் மென்பொருளில் பிழை திருத்துகின்றேன், அம்மா" என்கின்றான். சம்பளம் உண்டா என்றால் இல்லையாம். "பிறர் செய்த பிழையை என் மகன் கூலியின்றி ஏன் திருத்த வேண்டும்? கண்டிப்பதா, விட்டுவிடுவதா?" என்பது அம்மையாரின் கேள்வி.

நியாயமான கேள்விதான். பிழைப்பை நாடி ஐதராபாத்துக்கு வந்த குடும்பங்கள் நாம். ஓர் இரவின் உழைப்புக்கு என்ன வரும் என்று கணக்குப் பார்ப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை. இதே கவலை வேறு சில வீடுகளிலும் இருப்பதை அறிவேன். ஆகவே இத்திங்கள் இப்பகுதியை இதற்கே ஒதுக்குகின்றேன். நான் மெட்ரிகுலேஷன் தேறிய ரயில்வே எழுத்தனேயன்றிப் பொறியாளன் அல்லன். நம் சங்கத்துக் கணினி அறையில் வந்து உதவும் இளைஞர்களிடம் கேட்டறிந்ததையும், அம்மென்பொருளைச் செய்தவர்கள் தாமே எழுதிவைத்திருப்பவற்றைப் படித்தறிந்ததையும் கொண்டு எழுதுகின்றேன்.

ஒரு கணினி வெளியுலகத்தோடு பேச வேண்டுமானால் அதற்கு முக்கியமாக மூன்று செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். தன் முகவரி எது என்பது ஒன்று. தன் தெருவைத் தாண்டிப் போக வேண்டிய கடிதத்தை யாரிடம் ஒப்படைப்பது என்பது மற்றொன்று. ஒரு பெயரைச் சொன்னால் அதற்குரிய எண்ணை யாரிடம் கேட்டறிவது என்பது மூன்றாவது. இவற்றைத் தேடிப் பெற்று, உரிய ஏட்டில் பதிந்து, கம்பி கழன்றாலும் வைஃபை மாறினாலும் மறுபடி சரிபார்த்து எழுதுவதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கின்றது. ஆராய்ந்து பார்த்தால் அது ஓர் எழுத்தர் வேலையே. எழுத்தர் ஒழுங்காக வேலை செய்யும் நாளில் அப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் தோன்றாது. அவர் ஓர் எண்ணை மாற்றி எழுதிவிட்டால் அன்று அலுவலகமே அவர் பெயரைச் சொல்லும்.

1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கி வைத்தது லினக்ஸ். அதன் மூல வரிகளை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் வழங்கலாம். அதில் நெட்வொர்க்கை அமைக்கும் கருவிகள் பல. 'இஃப்கான்ஃபிக்' என்ற பழைய கருவியின் வம்சம் 1983-ஆம் ஆண்டு பெர்க்லி பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பிலிருந்து வருகின்றது. ரெட் ஹேட் நிறுவனத்தார் 2004-ஆம் ஆண்டில் தொடங்கிய 'நெட்வொர்க் மேனேஜர்' இன்று மேசைக் கணினிகளில் பெரிதும் புழங்குகின்றது. கனோனிக்கல் நிறுவனத்தாரின் 'நெட்பிளான்' 2017-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் உபுண்டுவோடு வருகின்றது. அம்மையாரின் மைந்தர் இவற்றுள் எதில் கைவைத்திருக்கின்றார் என்பது கடிதத்தில் இல்லை. எதுவாயினும் வேலையின் தன்மை ஒன்றே.

இவ்வகை மென்பொருளில் பிழை எப்படி முளைக்கின்றது? யாரோ ஒருவர் கவனக்குறைவாக எழுதியதால் விளைவது என்று நாம் எண்ணுகின்றோம். அவ்வாறும் உண்டு. ஆனால் நான் படித்துச் சுவைத்த பிழைகளெல்லாம், நல்லெண்ணத்தோடும் நல்லறிவோடும் செய்த காரியத்தில் விளைந்தவை.

பெயர் வைத்த கதையைச் சொல்லுகின்றேன். ஒரு கணினியில் நெட்வொர்க் அட்டைகள் இரண்டிருந்தால் லினக்ஸ் அவற்றை 'ஈத்0', 'ஈத்1' என்று அழைத்து வந்தது. எந்த அட்டையை முதலில் கண்டதோ அது 'ஈத்0'. ஒரு ரயில் நிலையத்தில் காலையில் முதலில் எந்த வண்டி வருகின்றதோ அது நிற்கும் இடமே ஒன்றாம் நடைமேடை என்று விதி வைத்தால் எப்படியிருக்கும்? பெரும்பாலான நாட்களில் அதே வண்டி முதலில் வரும்; குழப்பமிராது. ஒருநாள் அது தாமதமாக, வேறொரு வண்டி முந்திக்கொண்டால் அறிவிப்புப் பலகை முழுதும் தலைகீழாகும். கணினியிலும் அதுவே நேர்ந்தது. மறுதொடக்கம் செய்த ஒரு வேளையில் இரண்டாவது அட்டை முந்திக்கொள்ள, உள்ளறைக்கென்று எழுதிய விதிகள் வெளிவாயிலுக்குப் பொருந்திப் போயின. காவல் விதிகள் இடம் மாறுவது வேடிக்கையன்று.

இதற்குத் தீர்வாக 2013-ஆம் ஆண்டு சிஸ்டம்டி என்ற மென்பொருள் தொகுதியில் புதுமுறை வந்தது. அட்டை எந்தப் பாதையில், எந்தத் துளையில் செருகப்பட்டிருக்கின்றதோ அதைக்கொண்டே பெயர். 'ஈஎன்பி3எஸ்0' என்பது போன்ற, வாயில் நுழையாத பெயர்கள் அவ்வாறு பிறந்தன. நடைமேடை எண் இனி வண்டியைச் சார்ந்ததன்று, இடத்தைச் சார்ந்தது. நோய் தீர்ந்தது. ஆனால் 'ஈத்0' என்ற பெயரை நம்பி உலகெங்கும் எழுதிவைத்த ஆயிரமாயிரம் கட்டளைகள் மறுநாள் பெயர் தெரியாமல் விழித்தன. ஒரு கோளாறை நீக்கிய திருத்தமே வேறோர் இடத்தில் கோளாறாயிற்று. பழைய பெயரே வேண்டுவோர் வைத்துக்கொள்ள வழியும் செய்து கொடுத்தார்கள்.

ரயில்வேயில் இருப்பவர்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். மதராஸ் என்ற பெயர் 1996-ஆம் ஆண்டில் சென்னை என்றாயிற்று. 2019-ஆம் ஆண்டில் சென்ட்ரல் நிலையத்தின் பெயரும் நீண்டது. ஆயினும் பயணச்சீட்டில் அந்நிலையத்தின் குறியீடு இன்றும் 'எம்.ஏ.எஸ்.' என்பதே. எழும்பூருக்கு இன்றும் 'எம்.எஸ்.' தான். செகந்தராபாத்திலிருந்து ஊருக்குச் செல்லும்போது சீட்டை எடுத்துப் பாருங்கள். பலகையில் பெயர் மாற்றுவது ஒருநாள் வேலை. குறியீட்டை மாற்றினால் அதை நம்பியிருக்கும் அட்டவணைகள், கணக்கேடுகள், கணினிகள் அத்தனையையும் மாற்ற வேண்டும். பழைய குறியீட்டை விட்டுவைப்பது சோம்பலன்று என்பது என் கட்சி.

இன்னொரு வகைப் பிழை, ஓர் ஏட்டுக்குப் பல எழுத்தர்கள் இருப்பதால் வருவது. பெயருக்கு எண் கேட்டறியும் இடம் எது என்பதை லினக்ஸில் 'ரிசால்வ் கான்ஃப்' என்ற சிறு கோப்பில் எழுதிவைப்பது வழக்கம். இரண்டு மூன்று வரிகளே கொண்டது. அதில் நெட்வொர்க் மேனேஜர் எழுதும். முகவரி பெற்றுத் தரும் வேறொரு நிரலும் எழுதும். அலுவலகத்தோடு மறைபாதை அமைக்கும் வி.பி.என். நிரலும் எழுதும். பொறுமையிழந்த கணினிக்காரரும் தம் கையால் எழுதுவார். கடைசியாக எழுதியவர் எழுத்தே நிற்கும். காலையில் சரியாக இருந்தது மாலையில் மாறியிருக்கும்; யார் மாற்றினார் என்பது தெரியாது. இங்கே திருத்த வேண்டியது ஒரு வரியையன்று. இந்த ஏட்டுக்கு உரியவர் யார் என்பதை முடிவு செய்து, மற்றவரெல்லாம் அவர் வழியாகவே எழுதும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த ஏற்பாட்டைப் பற்றி எத்தனையோ ஆண்டுகள் வாதம் நடந்தது. அலுவலகம் கண்ட எவரும் இதற்கு வியக்க மாட்டார்.

புதிய வசதி சேர்ப்பதன் இடர்ப்பாட்டுக்கு 2016-ஆம் ஆண்டு ஓர் எடுத்துக்காட்டு. வைஃபை அட்டை ஒவ்வொன்றுக்கும் ஆலையிலேயே இட்ட எண் ஒன்றுண்டு. அருகில் என்னென்ன வைஃபை உண்டென்று தேடும்போது கணினி அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டே தேடும். கடைத்தெருவில் கருவி வைத்துக் காத்திருப்போர் அதைக்கொண்டு, இன்னார் இன்ன நேரத்தில் இவ்வழி சென்றார் என்று குறித்துக்கொள்ளலாம். இது கூடாதென்று, தேடும் நேரத்தில் மட்டும் பொய்யெண் ஒன்றைச் சொல்லும் வசதியை அவ்வாண்டு வந்த நெட்வொர்க் மேனேஜர் பதிப்புகளில் சேர்த்தார்கள். மக்களைக் காக்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் சிலவகை மலிவான வைஃபை செருகிகளை இயக்கும் நிரல்கள் எண் மாறுவதைத் தாங்காமல் திணறின. நேற்றுவரை கிடைத்த இணைப்பு புதிய பதிப்பை ஏற்றியதும் கிடைக்கவில்லை. அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து அவ்வசதியை அணைத்தால் சரியாகிவிடும். அவ்வொரு வரியைக் கண்டுபிடிக்கும் வரை பலர் செருகியை மாற்றியும், ரௌட்டரைக் குறை கூறியும் காலங்கழித்தனர். வசதி நல்லதா, கெட்டதா? நல்லது என்றே சொல்வேன். விலையுயர்ந்த கருவி வாங்கியவனுக்கு நன்மையும், மலிவான கருவி வாங்கியவனுக்குத் தொல்லையும் வந்ததை மட்டும் மறப்பதற்கில்லை.

இனித் திருத்தும் முறைக்கு வருவோம். ரயில்வே விதிநூல்களுக்குத் திருத்தச் சீட்டு வருவதை நம்மில் பலர் அறிவர். இன்ன பத்தியை நீக்குக, அதற்குப் பதிலாக இதனைச் சேர்க்க என்று அச்சிட்டு, வரிசை எண்ணிட்டு அனுப்புவார்கள். கத்தரித்து, உரிய பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். மென்பொருளுலகில் 'பேட்ச்' என்பது அச்சு அசலாக இதுவே. நூல் முழுவதையும் மறுபடி எழுதி அனுப்புவதில்லை. இந்த வரி போக, இந்த வரி வருக என்று சீட்டு மட்டும் அனுப்புகின்றார்கள். ஒரு வேற்றுமை உண்டு. நமக்கு வரும் சீட்டில் காரணம் அவ்வளவாக இராது. அவர்கள் சீட்டிலோ காரணமே பெரும்பகுதி. கோளாறு எந்நிலையில் தோன்றுகின்றது, முன்பு எந்தத் திருத்தத்தால் அது நுழைந்தது, இப்போது ஏன் இவ்வாறு மாற்றுகின்றோம் என்றெல்லாம் எழுதிய பிறகே சீட்டு செல்லும். இரண்டு வரித் திருத்தத்துக்கு இருபது வரிக் காரணம் கண்டிருக்கின்றேன். பத்தாண்டு கழித்து அந்த வரியைப் பார்த்து ஒருவன் "இது எதற்கு?" என்று அழிக்கப்போகும்போது, அக்காரணம் அவன் கையைப் பிடிக்கும்.

பிழை நுழைந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் முறையும் நமக்குப் பழகியதே. இரண்டு நிலையங்களுக்கிடையே தொலைபேசிக் கம்பி அறுந்தால், லைன்மேன் ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு கம்பமாக ஏறிக்கொண்டு போவதில்லை. நடுவில் சோதிப்பார். அங்கே சரியாயிருந்தால் மறுபாதியில் நடுவில் சோதிப்பார். சென்ற ஆண்டின் பதிப்பு சரியாக வேலை செய்தது, இவ்வாண்டின் பதிப்பு செய்யவில்லை, இடையே 1,000 திருத்தங்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் பத்துச் சோதனையில் குற்றவாளிச் சீட்டு அகப்பட்டுவிடும். டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டில் செய்த 'கிட்' என்னும் ஏட்டு மென்பொருளில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கின்றது. ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் மென்பொருளை மறுபடி கட்டி, இயக்கி, கோளாறு தோன்றும் வரை காத்திருக்க வேண்டும். அம்மையார் காணும் இரவுகளுள் பல இவ்விதமே கழிந்திருக்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை வேறொன்று. நெட்வொர்க் அமைப்பைத் திருத்துபவன் பல சமயம் அந்த நெட்வொர்க் வழியாகவே எட்டத்திலுள்ள கணினியில் வேலை செய்கின்றான். தான் அமர்ந்த கிளையில் கோடரி போடுவது போன்ற நிலை. முகவரியில் ஓர் எண் தவறினால் அக்கணத்திலேயே தொடர்பு அறும். தவற்றைச் சரிசெய்யப் போவதற்கும் வழியிராது. இதற்காக நெட்பிளானில் ஓர் ஏற்பாடு செய்திருக்கின்றார்கள். புதிய அமைப்பை 'டிரை' என்ற கட்டளையால் சோதனையாக ஏற்றினால், 120 வினாடிகள் காத்திருக்கும். அதற்குள் பயனாளர் விசையை அழுத்தி ஒப்புதல் கூறாவிட்டால், அவர் வெளியே தள்ளப்பட்டார் என்று கொண்டு, பழைய அமைப்புக்குத் தானே திரும்பிவிடும். நெட்வொர்க் மேனேஜரிலும் இதனையொத்த ஏற்பாடு உண்டு. தண்டவாளப் பணிக்கு 'பிளாக்' வாங்குவோர், வேலைக்கு இவ்வளவு நேரம் என்று குறித்துக்கொண்டு இறங்குகின்றனர் அல்லவா? அந்த அறிவுதான் இது. சேர்க்கப்பட்ட வசதிகள் எல்லாவற்றுள்ளும் எனக்கு மிகப் பிடித்தது இந்த 120 வினாடிதான்.

திரும்பும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் ஒருமுறை கண்டது. 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், நம் நேரப்படி இரவு 9 மணியளவில் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் ஒருங்கே மறைந்தன. ஊரிலிருக்கும் தாய் தந்தையரோடு வாட்ஸ்அப்பில் பேசும் வழக்கமுள்ள நம் குடும்பங்களுக்கு அந்த இரவு நினைவிருக்கும். பராமரிப்பு வேலையில் இட்ட ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் முதுகெலும்பான இணைப்புகள் அனைத்தையும் துண்டித்துவிட்டது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுப்பதற்கென்றே ஒரு தணிக்கை மென்பொருள் வைத்திருந்தார்கள். அந்தத் தணிக்கையிலேயே ஒரு பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை என்று அந்நிறுவனமே பின்னர் வெளியிட்டது. தொடர்பு போனபின், பொறியாளர் வழக்கமாகப் புழங்கும் உட்கருவிகளும் உடன் போயின. ஆட்களை நேரில் அனுப்பித் திறந்து சரிசெய்ய ஆறு மணி நேரம் போலச் சென்றது. செல்வத்தில் குறையில்லாத நிறுவனத்துக்கே இந்தக் கதி.

இனி அம்மையாரின் கேள்விக்கு வருவோம். கூலியில்லை என்பது முழு உண்மையன்று. இம்மென்பொருளில் பெரும்பங்கு எழுதுவோர் ரெட் ஹேட், கனோனிக்கல் போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்குவோரே. தங்கள் மைந்தர் போல வெளியிலிருந்து சீட்டு அனுப்புவோருக்குப் பணம் வாராது. ஆனால் ஏற்கப்பட்ட சீட்டில் எழுதியவர் பெயரும் நாளும் பதியப்பெறும், எவரும் பார்க்கலாம். நம் மக்கள் அலுவலகத்தில் செய்யும் வேலையில் பெரும்பகுதி, நிறுவனத்தின் சுவருக்குள்ளேயே நின்றுவிடுவது. வேலை மாறும்போது காட்டுவதற்குச் சான்றிதழும் வாய்ச்சொல்லும்தான் உண்டு. இங்கோ அவர் எழுதியதும், அதைத் தேர்ந்தவர்கள் எதிர்த்ததும், அவர் திருத்தி மறுபடி அனுப்பியதும் எழுத்தில் நிற்கும். எதிர்ப்பு மிகக் கடுமையாகவும் வரும் என்பதைத் தாங்கள் அறிந்திருப்பது நலம். ஒரு நாள் முகம் வாடியிருந்தால் அதுவே காரணமாயிருக்கலாம். கண்டிக்க வேண்டியது ஒன்றிருக்கின்றது, அம்மா. நள்ளிரவுக்கு மேல் விழிக்க வேண்டாமென்று கண்டியுங்கள். தூக்கக் கலக்கத்தில் எழுதிய சீட்டைத் தேர்வோர் எப்படியும் திருப்பி அனுப்பிவிடுவர்.

இவ்வேலை அயல்நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. சென்னையிலுள்ள சி-டாக் மையத்தார் 2007-ஆம் ஆண்டில் டெபியனை அடிப்படையாகக்கொண்டு 'பாஸ் லினக்ஸ்' வெளியிட்டனர். தமிழ்நாட்டு மாணவருக்கு 2011-ஆம் ஆண்டு முதல் அரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் அது இருந்தது. இங்கே ஐதராபாத்தில் 'ஸ்வேச்சா' அமைப்பினர் தெலுங்கில் லினக்ஸ் வழங்கி, மாணவர்க்குப் பயிற்சியும் அளித்து வருகின்றனர். கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கும் 'கணியம்' இதழ் 2012-ஆம் ஆண்டு தொடங்கியது. டெபியன் பணியாளர்களின் உலக மாநாடு 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் கொச்சியில் கூடிற்று. நெட்வொர்க் மேனேஜரின் அறிவிப்புகளைத் தமிழில் பெயர்த்தும் வைத்திருக்கின்றார்கள். நிரல் எழுதத் தெரியாதவரும் அம்மொழிபெயர்ப்பைப் பார்த்துச் சீர் செய்யலாம். அதுவும் சீட்டுதான், அதற்கும் பெயர் பதிவுண்டு.

நம் சங்கத்துக்கும் இதில் அக்கறை உண்டு. விண்டோஸ் 10 பதிப்புக்கு வழக்கமான ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. நம் அறையிலுள்ள ஐந்து கணினிகளும் அன்பர்கள் கொடுத்த பழையவை. அடுத்த பதிப்பைத் தாங்கும் தகுதியுடையவை அல்ல. காயலான் கடைக்குப் போடுவதா, லினக்ஸ் ஏற்றுவதா என்று செயற்குழுவில் பேச்சு வந்தபோது இளைஞர்கள் லினக்ஸ் ஏற்றித் தந்தனர். ரயில்வே தேர்வு வாரியத்துக்கும் கல்லூரி நுழைவுத் தேர்வுகளுக்கும் நம் பிள்ளைகள் விண்ணப்பம் போடுவது இணைய வழியாகவே. சொந்தக் கணினி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த அறையே கதி. கடைசி நாளில் இணைப்பு அறுந்தால் ஓராண்டு போயிற்று.

நான்கு கணினிகள் நன்றாக இயங்குகின்றன. ஐந்தாவது, உறங்கவிட்டு எழுப்பினால் வைஃபையைக் காண்பதில்லை. அணைத்து ஏற்றினால் காண்கின்றது. இளைஞர்கள் அதன் பதிவுக் குறிப்பைப் படியெடுத்து, எந்தப் பதிப்பு முதல் இவ்வாறு ஆகின்றது என்று எழுதி, மென்பொருளாருக்கு அனுப்பியிருக்கின்றனர். விடை வரவில்லை. வரும் வரை அக்கணினிக்குச் சுவரோரமாகக் கம்பி இழுத்திருக்கின்றோம். விண்ணப்பம் போட வருவோர் அக்கம்பியைத் தாண்டும்போது பார்த்து நடக்கவும், பெருக்குபவரிடமும் சொல்லியிருக்கின்றேன்.